சோஃபியா என்றால் வெறும் ஞானமா?

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களின் பட்டியலில் ‘சோஃபியா’ அடிக்கடி தட்டுப்படுகிறது. கிறிஸ்தவ வீடுகளில் மட்டுமில்லை. அப்பா தமிழர், அம்மா சீனர் என்ற வீடுகளிலும், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பங்களிலும்கூட. காரணம் எளிது. பள்ளியில் சீன ஆசிரியருக்கும் மலாய்த் தோழிக்கும் வாய் தடுக்காது. பாட்டிக்கும் ‘சோப்பியா’ என்றாவது வந்துவிடும். பின்னால் அப்பாவின் பெயர் எவ்வளவு நீளமாக வந்தாலும் முன்னால் இது கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது பொருள். பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரே சொல்தான் இருக்கும்: ஞானம். சரி, நல்ல பொருள்தானே என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பொருள் தவறில்லை. ஆனால் ‘ஞானம்’ என்றதும் தமிழ் மனம் எங்கே போகிறது? ஆலமரத்தடியில் மௌனமாக அமர்ந்த தட்சிணாமூர்த்தி, கண் மூடிய முனிவர், ஊரை விட்டு ஒதுங்கிப்போன சித்தர். சோஃபியா அப்படி உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. பழைய நூல்களில் அவள் மரம் இழைக்கிறாள், வீடு கட்டுகிறாள், தெருவில் நின்று சத்தம் போடுகிறாள், ஆள் அனுப்பிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

இந்தக் கிரேக்கச் சொல்லின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று ஹோமரின் இலியட் காவியத்தில் வருகிறது. அந்தக் காவியம் முழுவதிலும் ஒரே ஓர் இடம்தான், 15ஆம் காண்டம். இரண்டு படைகளும் சரிசமமாக நிற்கின்றன. கப்பல் பலகையை நேராக்க ஒரு தச்சன் இழுத்துப் பிடிக்கும் நூல்போல அந்தப் போர்க்களத்தின் கோடு இறுகி நிற்கிறது என்கிறார் கவிஞர். அந்தத் தச்சனைப் பற்றிச் சொல்லும்போதுதான், ஏதீனா தேவியின் அருளால் ‘சோஃபியா’ அனைத்தையும் அறிந்தவன் என்கிறார். ஆக, சொல்லின் தொடக்கத்தில் இருப்பது கப்பல் கட்டுகிறவனின் கைத்திறன். உளியும் நூலும் பிடிக்கத் தெரிந்த அறிவு.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நன்னூல் நினைவுக்கு வராமல் போகாது. ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்’ என்று தச்சனின் நூலைச் சொல்லி, அதேபோல மனிதர்களின் மனக்கோட்டத்தைத் தீர்ப்பது படிக்கிற நூல் என்கிறார் பவணந்தியார். தச்சுப் பட்டறையிலிருந்து அறிவுக்குப் போகும் அதே வழி. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. தச்சர்கள் வேலை செய்வதைப் பார்த்த எந்த ஊர்ப் புலவருக்கும் இது தோன்றியிருக்கும்.

பிறகு கிரேக்கத்திலேயே சொல் மெல்ல மேலே ஏறியது. கவிஞரின் திறன், சட்டம் இயற்றுகிறவரின் விவேகம், கடைசியில் தத்துவ அறிவு. ‘ஃபிலோசோஃபியா’ என்றால் சோஃபியாவின் மேல் கொண்ட அன்பு. ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் இன்று தத்துவத்துக்கு வழங்கும் பெயரே அதுதான். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். கல்லில் செதுக்கும் ஃபீடியாஸ், சிலை வடிக்கும் பாலிகிளீட்டஸ் போன்ற கலைஞர்களை மக்கள் அவரவர் தொழிலில் ‘சோஃபியா’ உள்ளவர்கள் என்று சொல்வதை ஒத்துக்கொள்கிறார். அதன்பின், எல்லாவற்றிலும் உயர்ந்த உண்மைகளை அறிவதுதான் முழுமையான சோஃபியா என்று தூக்கி மேலே வைத்துவிடுகிறார். அன்றாட வாழ்க்கையில் எது நல்லது என்று முடிவெடுக்கும் விவேகத்துக்கு அவர் வேறொரு சொல்லை ஒதுக்கினார். பெயர்ப் புத்தகங்கள் எல்லாம் இந்த உச்சியை மட்டும் எடுத்துக்கொண்டன. பட்டறை காணாமல் போனது.

இன்றைய துருக்கியில் உள்ள எபேசு நகரத்தில், 2ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட செல்சஸ் நூலகத்தின் முகப்பில் நான்கு பெண் சிலைகள் நிற்கின்றன. அதில் ஒருத்தி சோஃபியா. மற்றவர்கள் நற்பண்பு, சிந்தனை, அறிவு. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்வது நகல்களைத்தான். அசல் சிலைகள் வியன்னாவில் இருக்கின்றன.

பெயருக்கு ஆன்மிக நிறம் வந்தது கிரேக்கர்களால் மட்டுமில்லை, யூதர்களாலும். கிமு 3ஆம் நூற்றாண்டு முதல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். எபிரேயத்தில் ‘ஹொக்மா’ என்று வந்த இடங்களில் ‘சோஃபியா’ என்று போட்டார்கள். அது நல்ல பொருத்தம். ஏனென்றால் ஹொக்மாவுக்கும் கை உண்டு. அந்த வேதத்தின் யாத்திராகமம் என்ற நூலில், வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தை அமைக்கக் கடவுள் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேர்ந்தெடுத்து, பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்ய அவனை ஞானத்தால் நிரப்புகிறார். அதே நூலில், ஞான இருதயமுள்ள பெண்கள் செய்வது என்ன? நூல் நூற்கிறார்கள்.

அதே வேதத்தின் நீதிமொழிகள் நூலில் இந்த ஞானம் ஒரு பெண்ணாகவே நடந்து வருகிறாள். வீதிகளில் சத்தமிடுகிறாள், நகர வாசல்களில் நின்று கூப்பிடுகிறாள். 9ஆம் அதிகாரத்தில் வீடு கட்டி, ஏழு தூண்களைச் செதுக்கி நிறுத்தி, கறி சமைத்து, பந்தி விரித்து, பணிப்பெண்களை அனுப்பி, பட்டணத்தின் உயரமான இடங்களிலிருந்து ஊரையே விருந்துக்கு அழைக்கிறாள். அழைக்கப்படுகிறவர்கள் அறிஞர்கள் இல்லை, புத்தியில்லாதவர்கள், பேதைகள். இந்த ஒரு காட்சியைப் படித்தாலே ‘சோஃபியா’ என்ற பெயரைப் பற்றிய நம் எண்ணம் மாறிவிடும்.

8ஆம் அதிகாரம் 30ஆம் வசனம் இன்னும் சுவையானது. உலகம் படைக்கப்பட்டபோது நான் கடவுளின் அருகே இருந்தேன் என்கிறாள் அவள். என்னவாக இருந்தாள்? எபிரேயச் சொல்லை இரண்டு விதமாகப் படிக்கலாம். அதனால் சிங்கப்பூரில் மெதடிஸ்டுகளும் லூத்தரன்களும் கையில் வைத்திருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் அவள் ‘செல்லப்பிள்ளை’. கத்தோலிக்கர்களும் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் அவள் ‘சிற்பி’. அலெக்சாந்திரியாவின் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களோ ‘பொருத்திச் சேர்க்கிறவள்’ என்று எழுதினார்கள். ஹோமரின் இன்னொரு காவியத்தின் நாயகன் ஒடிசியஸ் தன் தெப்பத்தின் மரங்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது கவிஞர் பயன்படுத்திய அதே வினைச்சொல் அது. கத்தோலிக்கர்களின் வேதத்திலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் வேதத்திலும் உள்ள சாலமோனின் ஞானம் என்ற நூலில், கடலில் போகும் கப்பலைக் கட்டிய கைவினைஞரே ஞானம்தான் என்று ஒரு வரி வருகிறது. தச்சனிடம் தொடங்கிய சொல் பல நூற்றாண்டுகள் கழித்துத் திரும்பவும் கப்பலுக்கே வந்து நிற்கிறது.

தமிழில் இந்தப் பெண் கொஞ்சம் மறைந்துபோனாள். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஞானத்துக்கான சொல் இலக்கணப்படி பெண்பால். அதனால் அவளை ஒரு பெண்ணாகப் பார்ப்பது இயல்பாக வந்தது. தமிழில் ‘ஞானம்’ அஃறிணை. ‘ஞானமானது கூப்பிடுகிறது’ என்றுதான் எழுத முடியும். கூப்பிடுகிற பெண், கூப்பிடுகிற ‘அது’ ஆகிவிட்டாள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஞானம் என்ற சொல் வடமொழி ‘ஜ்ஞான’த்திலிருந்து வந்தது. அதன் கிரேக்க உறவு சோஃபியா இல்லை, அறிதலைக் குறிக்கும் ‘க்னோசிஸ்’. இரண்டும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. இயேசுவின் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில் சோஃபியாவும் க்னோசிஸும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே தமிழ் வேதாகமம் சோஃபியாவுக்கு ‘ஞானம்’ என்றும் க்னோசிஸுக்கு ‘அறிவு’ என்றும் வைத்தது. பிறப்பை மட்டும் பார்த்தால் நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் பிழை சொல்ல நான் வரவில்லை. அந்த இடத்துக்கு அதுதான் சரியாக ஒலிக்கும். ஆனால் பழைய சோஃபியாவுக்கு வள்ளுவரின் ‘அறிவு’ இன்னும் நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிவுடைமை அதிகாரத்தின் முதல் குறளே அதை ‘அற்றம் காக்கும் கருவி’ என்கிறது. கருவி என்றால் கையில் எடுத்துப் பயன்படுத்துவது.

இந்து வீடுகளில் கேட்டால் சோஃபியாவுக்கு இணை சரஸ்வதி என்று உடனே சொல்வார்கள். பரவாயில்லை, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சரஸ்வதி பூசையன்று புத்தகத்துக்கு மட்டுமா பொட்டு வைக்கிறோம்? அதே நாளில் ஆயுத பூசையும் வருகிறது. சுத்தியல், கத்தரிக்கோல், தையல் இயந்திரம், வாகனம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. புத்தகத்தையும் சுத்தியலையும் ஒரே நாளில் வணங்குகிற வழக்கம் உள்ளவர்களுக்கு ஹோமரின் தச்சனைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

கிறிஸ்தவ மரபுக்குள் வந்தபிறகு பெயர் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, ‘திரு ஞானம்’ என்ற இறைத்தன்மை. கிறிஸ்துவைக் கடவுளின் ஞானம் என்று பவுல் எழுதியதால், அது கிறிஸ்துவையே குறித்தது. கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசர் ஜஸ்டினியன் 532 முதல் 537 வரை கட்டிய ஹகியா சோஃபியா பேராலயம் அந்த ஞானத்துக்குத்தான் அர்ப்பணிக்கப்பட்டது. சோஃபியா என்ற புனிதையின் பெயரில் கட்டிய கோயில் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. 1453இல் பள்ளிவாசல், 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மீண்டும் பள்ளிவாசல் என்று மாறிய பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை. கீவ் நகரத்திலும் நோவ்கொரோதிலும் 11ஆம் நூற்றாண்டில் இதே பெயரில் பேராலயங்கள் எழுந்தன. நோவ்கொரோது மரபின் திருவுருவங்களில் சோஃபியா நெருப்பு நிற முகமும் இறக்கைகளும் கொண்ட வானதூதராக அரியணையில் வீற்றிருக்கிறாள்.

மற்றொன்று, மனிதப் பெண்ணான புனித சோஃபியா. உரோமைப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மூன்று சிறுமிகளின் தாய் என்று மரபுக்கதை சொல்கிறது. மகள்களின் கிரேக்கப் பெயர்கள் பிஸ்டிஸ், எல்பிஸ், அகாபே: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. தாய் ஞானம். இதைப் படிக்கும்போதே இது வரலாறா உருவகமா என்ற சந்தேகம் வரும். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ரஷ்யர்கள் மகள்களின் பெயர்களை மட்டும் தங்கள் மொழியில் வேரா, நதேஷ்தா, லியூபொவ் என்று மாற்றிக்கொண்டு, தாயைக் கிரேக்கப் பெயரிலேயே விட்டுவிட்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் விசுவாசம், நம்பிக்கை மேரி, அன்பு என்றெல்லாம் பெயர்கள் உண்டே, அதே முறைதான்.

கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் ஞானவாதிகள் என்று அழைக்கப்பட்ட பிரிவினரிடம் சோஃபியாவின் கதை வேறு மாதிரி. இறைத்தந்தையை முழுதாக அறிய ஆசைப்பட்டு, தன் இடத்திலிருந்து வழுவி, அந்தத் தவறிலிருந்தே இந்தக் குறைபட்ட உலகம் பிறக்கக் காரணமானவள் அவள், பிறகு மீட்கப்படுகிறாள். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் இந்தக் கதையின் வடிவங்கள் இருக்கின்றன. இணையத்தில் ‘சோஃபியா தெய்விகப் பெண் ஆற்றல்’ என்று உலவும் பல பேச்சுகளுக்கு மூலம் இதுதான். மகளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் இதையெல்லாம் சுமக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1701இல் இங்கிலாந்தின் அரியணை உரிமைச் சட்டம் ஹனோவர் நாட்டின் சோஃபியாவை வாரிசாக்கியது. 1714இல் அவர் இறந்துவிட, அவர் மகன் முதலாம் ஜார்ஜ் மன்னர் ஆனார். அந்த அரச குடும்பத்தோடு பெயரும் ஆங்கிலேயர்களிடம் பரவியது. அந்தத் தலைமுறைகளில் ஒருவர் சோஃபியா ஹல். அவரைத்தான் 1817இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் இரண்டாவதாக மணந்தார். கணவரின் வாழ்க்கை வரலாற்றை 1830இல் வெளியிட்டவரும் அவரே. டோபி காட்டுக்கு மேலே இருக்கும் மவுண்ட் சோஃபியா குன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது என்பது ஒரு கதை. ராஃபிள்ஸின் தங்கை கணவரும் துறைமுகத் தலைவருமான கேப்டன் ஃபிளின்டின் மகள் பெயரில் வந்தது என்பது இன்னொரு கதை. எந்த சோஃபியா என்றாலும் அது ஆளும் வர்க்கக் குடும்பத்துப் பெண்ணின் பெயர்தான். ஆன்மிகம் எதுவும் அதில் இல்லை.

பெயருக்கேற்ற காரியம் செய்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1853இல் வந்த சோஃபியா குக், சீனப் பெண் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார். 1895இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். 1875இல் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தை இங்கே தொடங்கியவரும் அவரே. 1887இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சோஃபியா பிளாக்மோர் வந்தார். இவர் கதை தமிழர்கள் அறிந்திருக்க வேண்டியது. தங்கள் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று தமிழ் வணிகர்கள் கேட்டுக்கொள்ள, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளோடு பள்ளி தொடங்கியது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதே அதன் முதல் பெயர். அதுதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இன்றும் அதே ஷார்ட் ஸ்திரீட்டில்தான் இருக்கிறது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

பிளாக்மோர் அதோடு நிற்கவில்லை. வெளியே அனுப்பாமல் பொத்தி வளர்க்கப்பட்ட பெரானாக்கான் வீட்டுப் பெண்களுக்காக வீடு வீடாகப் படியேறி, தாய்மார்களிடம் மலாயில் பேசி, பிள்ளைகளை அனுப்பச் சொன்னார். அப்படி 1888இல் தொடங்கியதுதான் பின்னாளில் ஃபேர்ஃபீல்டு பள்ளி ஆனது. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1925இல் மவுண்ட் சோஃபியாவுக்கு ஏறியது. 1992இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. பள்ளி நிற்கும் சாலையின் பெயர் பிளாக்மோர் டிரைவ். பேதைகள் என்று ஊர் ஒதுக்கியவர்களைத் தேடி ஆள் அனுப்பிய நீதிமொழிகளின் பெண்ணுக்கும், படிப்பு எதற்கு என்று கேட்ட வீடுகளின் கதவைத் தட்டிய இந்தப் பெண்ணுக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் பெயருக்கு விளக்கம் கேட்கிறவர்களிடம் நான் அகராதியைவிட முதலில் இந்தப் பள்ளிக் கதையைத்தான் சொல்வேன்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் வழங்கும் ‘சஃபியா’ வேறு பெயர். அது அரபுச் சொல். தூய்மையானவள், தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்று பொருள். நபிகளாரின் துணைவியரில் ஒருவர் பெயர் அது. ‘சூஃபி’ என்ற சொல் சோஃபியாவிலிருந்து வந்தது என்று 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனியே எழுதியிருக்கிறார். ஆனால் கம்பளியைக் குறிக்கும் ‘சூஃப்’தான் வேர் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

பெயரை வைப்பது என்று முடிவெடுத்தவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். நட்சத்திர எழுத்துப் பார்க்கிறவர்கள் ‘சோ’ எந்த நட்சத்திரம் என்று கேட்பார்கள். தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும், வல்லினமாக ஒலிக்கும் ‘ச்சோ’ அசுவினிக்கு உரியது. மெல்லிய ‘ஸோ’ பூரட்டாதிக்கு. சோஃபியாவில் ஒலிப்பது இரண்டாவது. தமிழ் வகுப்பில் பிள்ளை தன் பெயரை சோபியா, சோஃபியா, ஸோஃபியா என்று மூன்று விதமாக எழுதி வருவதற்குள் வீட்டில் ஒன்றை முடிவு செய்துவிடுவது நல்லது. ஆய்த எழுத்தோடு ‘சோஃபியா’ என் தேர்வு. பாட்டியின் ‘சோப்பியா’வைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். பண்டைய கிரேக்கர்கள் அந்த எழுத்தை ‘ஃப’ என்று ஒலிக்கவில்லை; காற்றோடு வரும் ‘ப’வாகத்தான் ஒலித்தார்கள். பாட்டி ஹோமருக்கு நம்மைவிட ஓர் அடி பக்கத்தில் நிற்கிறார்.

புனிதரின் திருநாள் வேண்டும் என்பவர்களுக்குக் கிழக்கு மரபில் செப்டம்பர் 17. சோஃபியாவோடு தமிழ்ப் பெயர் ஒன்றையும் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் ‘ஞான’ என்றே தொடங்குகிறார்கள். அது பொருளை இரண்டு முறை சொல்வதாகத்தான் ஆகும். கலைவாணி, கலைச்செல்வி, அறிவுமதி போன்ற பெயர்கள் சோஃபியாவின் விடுபட்ட பாதியை நிரப்பும். ஞானம்மாள் என்று குடும்பத்தில் ஒரு கொள்ளுப்பாட்டி இருந்திருந்தால் அது வேறு விஷயம். அந்தப் பெயரைச் சேர்ப்பதற்குப் பொருள் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை.